ஐந்தடி நிழலில் ஒரு நகரம்

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து நடக்கப் புறப்பட்டால், சூலியா தெருவுக்கு வந்த கொஞ்ச நேரத்திலேயே வரிசை கலைந்துவிடும். கடைகளுக்கு முன்னால் ஓடும் கூரைவேய்ந்த நடைபாதையில் இருவர்தான் தோளோடு தோள் சேர்ந்து நடக்க முடியும். எதிரே யாராவது கூடையோடு வந்தால் அதுவும் முடியாது. ஒருவர் நாணயமாற்றுக் கடையில் நின்று பணத்தின் மதிப்பை விசாரித்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் வாசல்படியில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் வழி கேட்கப்போய், எங்கே நல்ல காப்பி கிடைக்கும், எந்தக் கோயிலில் இன்று பூசை என்பதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார். முன்பின் தெரியாதவர்களைப் பேசவைத்துவிடும் நகரம் அது.

அப்படிப் பேசவைப்பது பெரும்பாலும் அந்த நடைபாதைதான். மலேசியத் தமிழர்கள் அதை ஐந்தடி என்பார்கள். அதன் நிலம் கடைக்காரருக்குச் சொந்தம்; நடக்கும் உரிமை ஊருக்குச் சொந்தம். இந்த ஏற்பாடு தானாக அமைந்துவிடவில்லை. சட்டம் போட்டார்கள், சண்டை போட்டார்கள், பிறகு விட்டுக்கொடுத்தார்கள்.

1786 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவை எடுத்துக்கொண்டார். அதுவரை அது கெடா சுல்தானின் நிலம். சோழர் காலத்துக் கடாரம் என்று தமிழர் அறிந்த அதே கெடா. கடற்கரையோரம் காட்டை வெட்டி, சில தெருக்களைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்தார்கள். லைட் தெரு, கடற்கரைத் தெரு, பிட் தெரு, சூலியா தெரு ஆகிய நான்கும்தான் முதல் நகரத்தின் எல்லை. ஒருமுனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே போய்விடலாம். சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களையும் கூலியாட்களையும்தான் அன்று சூலியர் என்றார்கள். நகரத்தின் தொடக்கக் காலத்திலேயே தெருப்பெயரில் அவர்களும் இடம்பிடித்தார்கள்.

முதலில் எழுந்தவை மரமும் அத்தாப்புக் கீற்றுமான கடைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடுத்தடுத்துப் பெரும் தீ பிடித்தது. செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையும் கட்டாயம் என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் வலுத்தது. 1822இல் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்த ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ், வீடுகள் ஒரே சீராக இருக்கவேண்டும், ஒவ்வொன்றின் முன்னாலும் தாழ்வாரம் வேண்டும், அந்தத் தாழ்வாரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து எந்நேரமும் திறந்திருக்கும் வழியாக ஓடவேண்டும் என்று எழுதிவைத்தார். மலாக்கா நீரிணையின் மற்ற துறைமுகங்களுக்கும் அந்த வழக்கம் பரவியது. உச்சிவெயிலும் திடீர் மழையும் மாறிமாறி வரும் ஊரில் இதைவிடப் பொருத்தமான கட்டட விதியைக் கண்டுபிடிப்பது கடினம்.

பெயர்தான் ஐந்தடி, அகலம் கடைக்குக் கடை மாறும். தரையும் அப்படியே. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வசதிப்படி தளம் போட்டதால், நடப்பவர் ஒரு வீட்டில் படியேறி அடுத்த வீட்டில் படியிறங்க வேண்டியிருக்கும். ஓரிடத்தில் பூவேலை செய்த ஓடுகள், அடுத்த இடத்தில் வெறும் சிமெண்ட். தரையைப் பார்த்தே எந்த வீட்டில் பணம் இருந்தது என்று ஊகிக்கலாம்.

வழி திறந்திருக்கவேண்டும் என்று விதி சொன்னது. வயிறு அதைக் கேட்கவில்லை. கடை பிடிக்க வசதியில்லாதவர்களுக்கெல்லாம் ஐந்தடியே கடையானது. முடிதிருத்துபவர் ஒரு நாற்காலியும் கண்ணாடியும் போட்டுக்கொண்டார். செருப்புத் தைப்பவர், கடிதம் எழுதித் தருபவர், குறி சொல்பவர், பத்திரிகையும் வெற்றிலையும் விற்பவர் என்று தூணுக்கொரு தொழில் முளைத்தது. இரவில் சீக்கியக் காவலாளிகள் கயிற்றுக் கட்டிலைப் போட்டு அங்கேயே படுத்தார்கள். தோளில் காவடித் தண்டு வைத்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றுவந்த தமிழ் முஸ்லிம்கள்தான் நாசி கண்டார் என்ற உணவை உருவாக்கினார்கள். இன்று மலேசியா முழுவதும் உணவகங்களாக நிற்கும் அந்த உணவுக்குத் தோற்றம் நடைதான்.

அதிகாரிகளுக்கு இந்த நெரிசல் பிடிக்கவில்லை. 1888 பிப்ரவரியில் சிங்கப்பூர் நகராட்சி ஐந்தடிகளைக் காலிசெய்யப் புறப்பட்டபோது கடைக்காரர்கள் கதவடைத்தார்கள், தெருவில் கலவரம் மூண்டது. நடப்பவர் போக இடம் விட்டால் பொருளை வைத்துக்கொள்ளலாம் என்ற உடன்பாட்டில்தான் அது அடங்கியது. அதே உடன்பாடு எழுதப்படாத சட்டமாகப் பினாங்கிலும் வாழ்கிறது. கடைக்காரர் தன் கூடைகளைச் சற்று உள்ளே இழுப்பார், நடப்பவர் சற்று ஒதுங்குவார். இருவரும் ஒரு சொல் பேசிக்கொள்வார்கள்.

பிட் தெருவில் நடப்பது இன்னொரு வகை அனுபவம். அதன் இன்றைய பெயர் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலை. வடக்கு முனைக்கு அருகில் 1818இல் கட்டிய செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம். அதை எழுப்பியது இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பு. அந்த வெள்ளைத் தூண்களின் அழகைப் பேசும்போது அவர்களையும் சேர்த்துப் பேசவேண்டும். கொஞ்சம் தள்ளிக் குவான் யின் கோயில், ஊதுவத்திப் புகையோடு. பக்கத்துக் குயீன் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். தெற்கே தமிழ் முஸ்லிம்களின் தலைவர் காதர் முகைதீன் 1801இல் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். அதற்கும் அப்பால் 1808ஆம் ஆண்டின் அச்சே தெருப் பள்ளிவாசல். வெயிலில் நின்று நின்று நடந்தாலும் அரைமணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் கடந்துவிடலாம். சுற்றுலாத் துறை இதற்கு நல்லிணக்கத் தெரு என்று பெயர் சூட்டியிருக்கிறது. ஆனால் 1867 ஆகஸ்டில் இதே தெருக்களில் சீன, மலாய் ரகசியச் சங்கங்கள் இரண்டு அணியாகப் பிரிந்து பத்து நாள் மோதிக்கொண்டன. ஒவ்வோர் அணியிலும் இரு இனத்தாரும் இருந்தார்கள் என்பதுதான் வியப்பு. கூ கொங்சி என்ற குலமாளிகைக்குப் போகும் வழிகள் குறுகலாக ஒளிந்திருப்பதன் காரணம் அந்தக் காலத்தை அறிந்தவர்களுக்கு விளங்கும்.

அங்கிருந்து ஆர்மீனியன் தெருவுக்குச் சில அடிகள்தான். 120ஆம் எண் வீட்டில் சுன் யாட்-சென்னின் புரட்சி இயக்கம் அலுவலகம் வைத்திருந்தது. 1911 ஏப்ரலில் குவாங்சோவில் நடந்த எழுச்சிக்கான திட்டம் 1910இல் பினாங்கில்தான் தீட்டப்பட்டது. சீனப் பேரரசை அசைத்த பேச்சு ஒரு சாதாரணக் கடைவீட்டில் நடந்திருக்கிறது.

இவ்வளவு பழைய தெருக்கள் இடிபடாமல் நின்றதற்குப் பெருமைக்குரிய காரணம் எதுவுமில்லை. 1966இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை உறையவைத்தது. இடித்துக் கட்டவும் முடியாமல், பழுதுபார்க்கவும் மனமில்லாமல் உரிமையாளர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். 1969இல் சுங்கமில்லாத் துறைமுகம் என்ற தகுதியும் போனது, வணிகம் மெலிந்தது. ஊர் ஏழையானது, வீடுகள் பிழைத்தன. 2000 ஜனவரியில் அந்தச் சட்டம் முடிவுக்கு வந்ததும் வாடகை எகிறியது. தலைமுறைகளாக இருந்த குடும்பங்கள் பல வெளியேறின. யுனெஸ்கோ 2008 ஜூலை 7 அன்று ஜார்ஜ் டவுனை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தபோது, பாதுகாக்கவேண்டிய மனிதர்களில் ஒரு பகுதி ஏற்கெனவே போய்விட்டது. இந்த இழப்பைக் கட்டடங்களின் புது வண்ணம் ஈடுசெய்யாது.

நடப்பவர்கள் பெருகியதும் அதற்குப் பிறகுதான். தெருக்களின் கதையைச் சொல்லும் இரும்புக்கம்பிக் கேலிச்சித்திரங்கள் 52 சுவர்களில் ஏறின. எந்தத் தெருவில் யார் என்ன தொழில் செய்தார்கள் என்று அவை சிரிக்கச் சிரிக்கச் சொல்கின்றன. 2012இல் லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகரேவிச் ஆர்மீனியன் தெருச் சுவரில் ஒரு நிஜச் சைக்கிளைப் பொருத்தி, அதன்மேல் இரண்டு குழந்தைகளை வரைந்தார். அதன் முன்னால் நின்று படமெடுக்க இன்று வரிசை நிற்கிறது. சுவரில் தேட ஏதாவது இருந்தால் நண்பர் கூட்டம் சந்துக்குள்ளும் நுழைகிறது; நுழைந்தபின் சந்து தன் பங்கைச் செய்கிறது.

கடற்கரைக்குப் போனால் நடை மரப்பலகைமேல் தொடர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெல்ட் கீ துறைமுகக்கரை அமைந்ததும், ச்சியூ, லிம், டான், லீ எனக் குலத்துக்கொன்றாகச் சீனத் தொழிலாளர்கள் கடலுக்குள் கம்பங்கள் நட்டு வீடு கட்டிக்கொண்டார்கள். அங்கே தெருவும் தாழ்வாரமும் ஒன்றேதான். நடப்பவர் ஏறக்குறைய வீட்டுக் கூடத்தின் வழியாகவே போகிறார். குரலைத் தாழ்த்திக்கொள்வது மரியாதை.

இன்று ஐந்தடியில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. சில கடைகள் கம்பிக்கதவு போட்டு அதைத் தமதாக்கிக்கொண்டன. நடப்பவர் வெயிலில் சாலைக்கு இறங்கி, வண்டிகளுக்கு நடுவே போய், அடுத்த தூணில் மறுபடி ஏறவேண்டியிருக்கிறது. பழைய உடன்பாட்டை மறந்த கடைகள் இவை. நகராட்சி கண்டிப்பாக இருக்கவேண்டிய இடமும் இதுதான்.

ஆண்டில் ஒரு நாள் அந்தத் தடைகள் பெரிதாகத் தெரிவதில்லை. தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியலில் பினாங்கு தெருவின் கோவில் வீட்டிலிருந்து நகரத்தாரின் வெள்ளி ரதம் தண்ணீர்மலை நோக்கிப் புறப்படும். 1894ஆம் ஆண்டு ரதம் அது. சாலையோரம் மலைபோல் குவித்த தேங்காய்களைச் சீனக் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் போட்டிபோட்டு உடைப்பார்கள். கூட்டத்தில் பிரிந்துபோன நண்பர்கள் ஒருவரையொருவர் கைப்பேசியில் தேடிக்கொண்டே, தண்ணீர்ப் பந்தலுக்குப் பந்தல் மோர் வாங்கிக் குடித்துக்கொண்டு, ரதத்தின் பின்னால் கிலோமீட்டர் கணக்கில் நடப்பார்கள்.