தீட்டுக்கு அளவுகோல் இல்லை, மாசுக்கு உண்டு

தோழர்களே, தண்ணீர் சுத்தமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது யார்?

1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் மகாத் சவுதார் குளத்தில் நீர் அருந்தினார்கள். குளம் தீட்டாகிவிட்டது என்று சாதி இந்துக்கள் 108 பானைகளில் சாணமும் கோமியமும் கலந்து ஊற்றினார்கள். நம் உரிமையை பம்பாய் உயர் நீதிமன்றம் உறுதி செய்தபோது 1937 ஆகிவிட்டது.

குடிக்கும் உரிமைக்கு அடுத்தது சோதிக்கும் உரிமை. 2004இல் கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர் மக்கள் ஒரு வாளியைக் கருவியாக்கித் தாங்களே காற்று மாதிரி எடுத்தார்கள். ஆய்வகம் அதில் நச்சு வாயுக்களைக் கண்டது.

நம் மாவட்டத்து ஆறான கொசஸ்தலை கடலைச் சேரும் எண்ணூரில், அனல்மின் நிலையச் சாம்பல் படிவதை மீனவர்கள் அம்பலப்படுத்தினார்கள். 1996இல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் இருந்த கழிமுகம் பிந்தைய வரைபடத்தில் இல்லாததும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தால் வெளிவந்தது.

கும்மிடிப்பூண்டி இளைஞர்களே, தொழிற்பேட்டையை ஒட்டிய நம் சேரிக் கிணறுகளுக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் நிறம், வாடை, உப்பின் அளவு, தேதி, நேரம், இடம் எல்லாம் எழுதுங்கள். வெறும் புகாரை மனுவோடு கட்டிவைப்பார்கள். தேதி போட்ட கணக்குக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஜெய்பீம்!