73 படிகள்: பேர்லினில் ஒரு பௌத்த இல்லத்தின் கதை

சென்ற மாதம் ஒலிபரப்பான எனது பேச்சை எழுத்திலும் தரும்படி சிலர் கேட்டிருந்தீர்கள். நேரம் போதாமல் வானொலியில் விட்டுப்போன சிலவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

பேர்லின் நகரின் வடக்கு எல்லையில் ஃப்ரோனாவ் என்றொரு பகுதி இருக்கிறது. 1910 ஆம் ஆண்டளவில் தோட்ட நகரமாக உருவாக்கப்பட்ட இடம். எஸ் 1 தொடருந்தில் ஏறினால் நேரே போய் இறங்கலாம். அங்கிருந்து கொஞ்சத் தூரம் நடந்தால் வீதியோரத்தில் யானைகள் தாங்கும் ஒரு வாசல் தெரியும். அதற்குள் நுழைந்தால் மரங்களுக்கு நடுவே மேட்டை நோக்கிப் படிகள் ஏறுகின்றன. மொத்தம் 73 படிகள். புத்தர் சொன்ன எண்வகை மார்க்கத்தைக் குறிப்பதற்காக எட்டுப் பகுதிகளாகப் பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். மேலே இருப்பதுதான் 'பௌத்த இல்லம்'. ஐரோப்பாவில் உள்ள தேரவாத பௌத்த நிலையங்களில் மிகப் பழையது. புத்தர் பிறந்த இடமும் அல்ல, ஞானம் பெற்ற இடமும் அல்ல. ஆனாலும் வெசாக் நாளில் பல நாட்டுப் பௌத்தர்களும் வந்து வணங்கிப் போகும் தலம்.

பேர்லினில் இத்தனை வருடம் இருந்தும் நான் அங்கே போகவில்லை. காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த இல்லம் கொழும்பில் உள்ள ஒரு சங்கத்துக்குச் சொந்தமானது. அங்கே தங்கும் பிக்குமார் பெரும்பாலும் இலங்கையிலிருந்து வருபவர்கள். 1983 ஐக் கண்ணால் கண்டுவிட்டு வந்தவனுக்குக் காவியுடை என்றால் என்ன நினைவு வரும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடைசியில் என்னை அங்கே இழுத்துப் போனது என் மகள். பாடசாலையில் ஊரின் பழைய கட்டடம் ஒன்றைப் பற்றி எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். "அப்பா, இதைக் கட்டினது ஒரு ஜேர்மன்காரர், தெரியுமா?" என்றாள். எனக்குத் தெரியாது.

அந்த ஜேர்மன்காரரின் பெயர் பௌல் டால்கே. 1865 இல் கிழக்குப் பிரசியாவில் பிறந்தவர். ஹோமியோபதி வைத்தியர். பேர்லினில் நல்ல வருமானம் உள்ள தொழில். 1900 ஆம் ஆண்டு இலங்கைக்குப் போய், அங்குள்ள பிக்குமாரிடம் பாளி மொழியும் தம்மமும் கற்றார். திரும்பி வந்து நூல்கள் எழுதினார், பாளி மூலங்களை ஜேர்மன் மொழிக்குக் கொண்டு வந்தார். முதலாம் உலகப் போர் முடிந்ததும் ஃப்ரோனாவில் காணி வாங்கினார். மாக்ஸ் மேயர் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு வீட்டைக் கட்டி 1924 இல் முடித்தார். ஒரு பாணுக்குக் கோடிக்கணக்கில் மார்க் கொடுத்த 1923 ஆம் ஆண்டின் பணவீக்கத்துக்கு நடுவே இந்த வேலை நடந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

ஆனால் டால்கே ஒரு விடயத்தைச் செய்யாமல் விட்டுவிட்டார் என்பது என் எண்ணம். தனக்குப் பிறகு இந்த இடத்தை யார் பார்ப்பது என்பதற்கு உறுதியான ஏற்பாடு எதுவும் அவர் செய்து வைத்ததாகத் தெரியவில்லை. 1928 இல் அவர் இறந்ததும் வீடு சகோதரிகளின் கைக்குப் போனது. நாசிகளின் ஆட்சியில் அங்கு கூடுவதும் வெளியிடுவதும் அடங்கிப்போயின. போர் முடிந்தபின் வீடிழந்து வந்த அகதிகளை அங்கே குடியமர்த்தினார்கள். அதில் பிழை சொல்ல முடியாது. அகதி விடுதியில் இருந்து பார்த்தவர்கள்தானே நாங்கள். ஆனால் கூரையும் சுவரும் கவனிப்பாரற்றுப் பழுதாகி, 1950 களில் இடித்துவிடலாம் என்ற நிலைக்கு வீடு வந்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து ஒருவர் வருகிறார். அசோக வீரரத்ன. மருதானையில் நகை, மணிக்கூடு வியாபாரம் செய்த குடும்பம். 1951 இல் ஜேர்மனிக்கு வந்து போனவர், அடுத்த ஆண்டு கொழும்பில் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். ஜேர்மன் தர்மதூத சங்கம் என்று பின்னர் பெயர் பெற்றது அதுதான். பத்து லட்சம் ரூபா நிதி என்று அறிவித்து மக்களிடம் காசு சேர்த்தார்கள். 1957 இல் பிக்குமார் கப்பலில் இங்கு வந்தார்கள். டால்கேயின் உறவினரிடமிருந்து இல்லத்தைச் சங்கம் வாங்கியது. பிறகு திருத்த வேலை, நூலகம், வதிவதற்குப் பிக்குமார் என்று ஒவ்வொன்றாக நடந்தது. 1961 இல் நகரைச் சுவர் பிரித்தபோது ஃப்ரோனாவை மூன்று பக்கமும் எல்லை சூழ்ந்தது. அப்போதும் இல்லம் மூடப்படவில்லை. வீரரத்ன 1972 இல் தானே துறவு பூண்டு மித்திரிகல காட்டு ஆச்சிரமத்துக்குப் போனார். 1999 இல் காலமானார்.

இது ஒருவழிப் பயணம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வீஸ்பாடனில் பிறந்த ஞானதிலோக தேரர் 1911 இலேயே தொடந்துவவில் ஒரு தீவு ஆச்சிரமத்தை நிறுவியிருந்தார். உலகப் போர்களில் பிரித்தானிய அரசு அவரை எதிரி நாட்டவர் என்று அடைத்து வைத்தது. மறுபடி வந்து இலங்கையிலேயே 1957 இல் இறந்தார். அங்கே ஒரு ஜேர்மன்காரர் தொடங்கியதை இலங்கையர் காத்தார்கள். இங்கேயும் அதே கதைதான்.

இதையெல்லாம் வாசித்தபோது எனக்கு நாகபட்டினம் ஞாபகம் வந்தது. எங்கள் மொழிக்காரர் வாழும் மண்ணில் இருந்த பெரிய பௌத்த தலம் அது. ஸ்ரீவிஜய மன்னன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தையின் பெயரால் அங்கே சூளாமணி விகாரையைக் கட்டினான். கி.பி. 1006 அளவில், தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய அதே இராசராச சோழன், ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தை அந்த விகாரைக்குக் கொடுத்தான். சைவ அரசன்தான். அவனுடைய படைகள்தான் அனுராதபுரத்தையும் அழித்தன. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். மகன் இராசேந்திரன் அந்தக் கொடையைச் செப்பேட்டில் பொறித்து நிலைப்படுத்தினான். பின்னர் 1025 இல் ஸ்ரீவிஜயத்தின் மீதே படையெடுத்தான். அப்படியிருந்தும் முதலாம் குலோத்துங்கன் காலத்தில் விகாரைக்குத் திரும்பவும் ஆவணம் எழுதப்பட்டது. ஒல்லாந்தர் காலத்தில் கடல் கடந்து போய் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் நெடுங்காலம் இருந்ததால் அவற்றை லெய்டன் செப்பேடுகள் என்கிறோம்.

பெரிய செப்பேட்டில் 21 ஏடுகள். அதில் பெரும்பகுதி புகழ்ச்சி அல்ல, காணி எல்லை. பெண் யானையை நடக்கவிட்டு எல்லையைச் சுற்றி வந்து, கல்லும் கள்ளியும் நட்டு, எந்த வாய்க்காலுக்கு எந்தப் பக்கம் என்று எழுதி, அதிகாரிகள் ஒப்பமிட்டிருக்கிறார்கள். வாசிக்கச் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் டால்கே செய்யாமல் விட்டது இதைத்தான். விளக்குக்கு எண்ணெயும் பிக்குவுக்குச் சோறும் எங்கிருந்து வரும் என்பதை அந்தச் செப்பேடு தீர்த்து வைத்தது.

அந்த ஏற்பாடும் அதைப் பார்க்க ஆட்கள் இருக்கும்வரைதான். பௌத்தர்கள் இல்லாமல் போன பிறகு நாகபட்டினத்தில் மூன்று நிலைச் செங்கல் கோபுரம் ஒன்று தனியாக நின்றது. கப்பல்காரருக்கு அது கரை அடையாளம். 1867 இல் அரசாங்க அனுமதியுடன் இயேசு சபையினர் அதை இடித்தார்கள். அந்த வளவிலும் சுற்றிலும் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த முந்நூற்றுக்கு மேற்பட்ட புத்த படிமங்கள் நூதனசாலைகளுக்குப் போய்விட்டன.

எனது ஊர் சுன்னாகம் பக்கம். கந்தரோடையில் முருகைக் கல்லால் கட்டிய சின்னத் தாதுகோபங்கள் பனைகளுக்கு நடுவே கூட்டமாக நிற்கும். 1917 முதல் 1919 வரை போல் பீரிஸ் அங்கே ஆய்வு செய்தார். சின்ன வயதில் அங்கே போய் விளையாடியிருக்கிறேன். மணிமேகலையைத் தந்த மொழிக்காரர் நாங்கள். ஆனால் அந்தத் தாதுகோபங்கள் எங்கள் முன்னோருடையதாகவும் இருக்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நாங்கள் கேட்காமல் விட்ட இடத்தில் வேறு ஆட்கள் வந்து, இது சிங்களவருக்கு மட்டும் உரியது என்று பலகை நட்டபோது கோபம் வந்தது. அந்தக் கோபம் நியாயமானது என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அதற்கு முந்திய அலட்சியம் எங்களுடையது.

ஃப்ரோனாவுக்குப் போன அன்று நல்ல இலையுதிர் காலம். ஒரு வயதான ஜேர்மன் அம்மா படிகளில் இலை கூட்டிக்கொண்டிருந்தார். தான் பௌத்தர் அல்ல, பக்கத்து வீதியில் இருப்பவர், பல வருடமாகக் கூட்டுகிறேன் என்றார். மேலே ஒரு பிக்கு மகளின் கேள்விகளுக்கு ஜேர்மன் மொழியில் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "யாழ்ப்பாணமா?" என்று தமிழிலேயே கேட்டார். ஓம் என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அதன் பிறகு அவர் பேசியது கூரையைப் பற்றி. நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் நினைத்தபடி ஓடு மாற்ற முடியாது, செலவோ பெரிய செலவு என்றார். எங்கள் கோயில் கூட்டங்களில் கேட்கும் அதே முறைப்பாடு.

2002 இல் ஹம் நகரில் காமாட்சி அம்பாளுக்குக் கும்பாபிஷேகம் நடந்தபோது நானும் போயிருந்தேன். தேர் இழுத்த இளைஞர்களுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. சிறிய ஊர்களில் வாடகை மண்டபங்களில் இருக்கும் எங்கள் கோயில்கள் பலவற்றில் கணக்கு ஒருவருடைய கொப்பியில், திறப்பு இன்னொருவருடைய பையில். அவர்களுக்குப் பிறகு யார் என்று கேட்டால், "பிள்ளைகள் பார்ப்பினம்" என்கிறார்கள். பிள்ளைகளிடம் கேட்டீர்களா என்று நான் கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது.

இறங்கி வரும்போது மகள் படிகளை எண்ணினாள். 71 என்றாள். திரும்ப ஏறி, இலைகளைக் காலால் ஒதுக்கி ஒதுக்கி எண்ணினோம். கீழே இரண்டு படிகள் இலைக்குள் மூடியிருந்தன. அந்த அம்மா இன்னும் அதுவரை கூட்டி வந்திருக்கவில்லை.