மூன்று ஆண்டுகளும் அத்திமரமும்

விளையாட்டுத் திடலில் வெற்றி கிட்டும்போது வீரர்களைத் தோளில் சுமக்கும் உலகம், தோல்வி நேரும்போது பயிற்சியாளரைத் தேடுகின்றது. அவரது தலைதான் முதலில் உருள்கின்றது. ஒரு தனி மனிதரால் ஓர் அணியை வாகைப் பட்டம் வரை அழைத்துச் செல்ல இயலுமா? இயலுமெனில், அதற்கென அவருக்கு எத்துணைக் காலம் தரப்பட வேண்டும்? பட்டம் வாராவிடில் அவரை என்ன செய்வது? விளையாட்டுப் பக்கங்களுக்கு உரியனவாகத் தோன்றும் இக்கேள்விகள், ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் எழும்போது, திருச்சபையின் நிறுவனங்கள் மனிதரை எவ்வாறு மதிப்பிடுகின்றன என்னும் கேள்வியாகவே மாறிவிடுகின்றன. அவ்வரலாற்றையே ஈண்டு நாம் சிந்திக்க விழைகின்றோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் இண்டியானா மாநிலத்தில், சவுத் பெண்ட் நகரை அடுத்து அமைந்துள்ளது நோட்டர் டேம் பல்கலைக்கழகம். திருச்சிலுவைச் சபையைச் சார்ந்த பிரெஞ்சுக் குரு எட்வர்ட் சோரின் 1842ஆம் ஆண்டு நிறுவிய இக்கல்விக்கூடத்தின் பெயருக்கு 'நம் அன்னை' என்பது பொருள். இப்பெயரை அமெரிக்க மக்களின் நாவில் ஏற்றியது இறையியலோ அறிவியலோ அன்று; கால்பந்து. நம் ஊர் இளைஞர் ஆடும் கால்பந்து அன்று இது. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும், அணிக்கு 11 பேராக, 100 கெச நீளத் திடலில் மோதி முன்னேறும் முரட்டு ஆட்டம். தலைமைப் பயிற்சியாளரே பதினேழு, பதினெட்டு வயது இளைஞரின் இல்லம் தேடிச் சென்று அவர்களைத் தம் கல்லூரிக்கு அழைத்து வருவார், துணைப் பயிற்சியாளர்களை அமர்த்துவார், உத்தி வகுப்பார், முடிவில் தோல்விக்கும் அவரே பொறுப்பேற்பார்.

தேசியப் பட்டம் என்பதும் நெடுங்காலம் திடலில் முடிவு செய்யப்பட்டதன்று. இதழாளர்களும் பயிற்சியாளர்களும் அளித்த வாக்குகளே அதனைத் தீர்மானித்தன. முதலிடத்துக்கான இறுதி ஆட்டம் 1998ஆம் ஆண்டுப் பருவத்திலும், நான்கு அணிகள் மோதும் முறை 2014இலும், 12 அணிகள் மோதும் முறை 2024இலும் வந்தன. நோட்டர் டேம் தனக்கெனக் கணக்கிடும் பட்டங்கள் 11. அவற்றைப் பெற்றுத் தந்த பயிற்சியாளர்கள் ஐவரே.

அவர்களுள் முதல்வர் நூட் ராக்னி. 1888இல் நார்வே நாட்டில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா வந்து, நோட்டர் டேமில் பயின்று, அங்கேயே வேதியியல் கற்பித்தவர். 1918இல் தலைமைப் பொறுப்பேற்ற அவருக்கு முதல் பட்டம் 1924இல், அதாவது ஏழாவது பருவத்தில்தான் கிட்டியது. லூத்தரன் மரபினரான அவர் 1925இல் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார். 1928ஆம் ஆண்டோ அவருக்கு மிகத் துன்பமான பருவம்: ஐந்து வெற்றி, நான்கு தோல்வி. ஆயினும் பல்கலைக்கழகம் அவரை இழக்கவில்லை. புதிய அரங்கம் எழும்பிக்கொண்டிருந்தமையால் 1929இல் எல்லா ஆட்டங்களையும் வெளியூர்களிலேயே ஆடிய அதே அணி அனைத்திலும் வென்றது. 1930இலும் பட்டம் தொடர்ந்தது. 1931 மார்ச் 31 அன்று கான்சாஸ் மாநிலத்தில் நேர்ந்த விமான விபத்தில் ராக்னி தம் 43ஆம் வயதில் உயிர் நீத்தார்.

இவ்வெற்றிகள் ஏன் ஒரு திடலின் எல்லையைக் கடந்தன என்பதையும் கருத வேண்டும். 1920களில் இண்டியானா மாநிலத்தில் கு கிளக்ஸ் கிளான் இயக்கம் கோலோச்சியது. கறுப்பின மக்களோடு கத்தோலிக்கரையும் யூதரையும் அது பகைத்தது. 1924 மே மாதம் சவுத் பெண்டில் திரண்ட அவ்வியக்கத்தாரோடு நோட்டர் டேம் மாணவர்கள் தெருக்களில் மோதினர். அந்த ஆண்டிலேயே முதல் பட்டமும் வந்தது. அயர்லாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் குடியேறி, இழிவுபடுத்தப்பட்டு வாழ்ந்த கத்தோலிக்கத் தொழிலாளர் குடும்பங்கள், தாம் ஒருபோதும் கால் வைக்காத ஒரு பல்கலைக்கழகத்தின் வெற்றியைத் தம் வெற்றியாகக் கொண்டாடின. ஒரு பட்டம் சிறுமைப்பட்டோரின் தலையை நிமிர்த்தக்கூடும் என்பதை நாம் மறுப்பதற்கில்லை.

ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை யாது? ராக்னியிடம் பயின்ற பிராங்க் லேஹி 1941இல் பொறுப்பேற்று 1943, 1946, 1947, 1949 ஆகிய ஆண்டுகளில் நான்கு பட்டங்களை வென்றார். 1946 முதல் 1949 வரை நான்கு பருவங்களில் அவரது அணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. அத்தகையவர் 1953 அக்டோபரில் ஓர் ஆட்டத்தின் இடைவேளையில் சுருண்டு விழுந்தார். அவருக்கு இறுதி அருட்சாதனம் வழங்கப்பட்டது. உயிர் பிழைத்தார், அப்பருவத்தோடு பணி துறந்தார். அப்போது அவருக்கு வயது 45.

அவர் இடத்தில் அமர்த்தப்பட்டவர் 25 வயதே நிரம்பிய டெரி பிரென்னன். அக்காலப் பல்கலைக்கழகத் தலைவர் அருட்தந்தை தியடோர் ஹெஸ்பர்க், நோட்டர் டேமை அறிவுலகின் முன்வரிசைக்கு உயர்த்தும் பெருங்கனவு உடையவர். கால்பந்து கல்வியை விழுங்கிவிடக் கூடாதென்று ஆட்ட வீரர்க்கான உதவித்தொகை இடங்கள் குறைக்கப்பட்டன. நோக்கம் நன்றே. ஆயின், கையில் தந்த படையைக் குறைத்துவிட்டு, பழைய வெற்றிகளையே எதிர்பார்ப்பது எங்ஙனம் நீதியாகும்? பிரென்னன் ஐந்து பருவங்களில் 32 வெற்றியும் 18 தோல்வியும் கண்டார். 1957இல் ஓக்லஹோமா அணியின் 47 தொடர்வெற்றிகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தார். இருந்தும் 1958 டிசம்பரில், கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கிய நாள்களில், அவர் நீக்கப்பட்டார். கல்வியே முதன்மை என்று முழங்கிய நிறுவனம் வெற்றிக்காக ஓர் இளைஞரைப் பலியிட்டதெனப் பலரும் கண்டித்தனர். அதன்பின் வந்த ஐந்து பருவங்களுள் ஒன்றிலேனும் தோல்வியை விஞ்சிய வெற்றி அவ்வணிக்கு வாய்க்கவில்லை.

1964இல் வந்தவர் ஆரா பார்சீகியன். அவர் நோட்டர் டேமின் பழைய மாணவர் அல்லர், கத்தோலிக்கரும் அல்லர், பிரெஸ்பிட்டேரியன் சபையினர். முந்தைய ஆண்டு இரண்டே ஆட்டங்களில் வென்றிருந்த அணியை முதல் பருவத்திலேயே ஒன்பது ஆட்டங்களில் வெல்லச் செய்தார். 1966இலும் 1973இலும் பட்டம் வென்று, களைப்பு மேலிட 1974 டிசம்பரில் 51ஆம் வயதில் விலகினார். அவரை அடுத்து வந்த டான் டிவைன் 1977இல் பட்டம் வென்றார்.

ஈண்டு வியத்தகு ஒற்றுமை ஒன்று புலப்படுகின்றது. லேஹிக்கு முதல் பட்டம் மூன்றாம் பருவத்தில் வந்தது. பார்சீகியனுக்கும் மூன்றாம் பருவம். டிவைனுக்கும் மூன்றாம் பருவம். பின்னர் 1986இல் வந்த லூ ஹோல்ட்ஸுக்கும் 1988ஆகிய மூன்றாம் பருவமே. இதில் மந்திரம் ஏதுமில்லை. முன்னவர் தேர்ந்த வீரர்கள் முதிர்ச்சி பெறவும், தாம் தேர்ந்தவர்கள் உடல் தேறவும், புதிய முறை பழகவும் இரண்டு ஆண்டுகள் வேண்டும். எனவே, மூன்றாம் ஆண்டு அறுவடை பெரும்பாலும் இருவரின் விதைப்பாகும்.

இதற்கு நல்ல சான்று, பட்டம் எதுவும் வெல்லாத ஜெரி ஃபாஸ்ட். சின்சினாட்டி நகரின் மோலர் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் 174 வெற்றிகள், 17 தோல்விகள் எனப் புகழ் ஈட்டிய அவர், 1981இல் நேரே இப்பல்கலைக்கழகத்துக்கு அழைக்கப்பட்டார். பக்தியில் சிறந்தவர், வளாகத்திலுள்ள லூர்து அன்னைக் கெபியில் செபிக்கும் வழக்கமுடையவர். ஆயினும் ஐந்து பருவங்களில் 30 வெற்றிகளும் 26 தோல்விகளுமே கிட்டின. பக்தி மிகுந்தோர்க்கு ஆண்டவர் ஆட்டங்களை வென்று தருவதில்லை என்பது எளிய இறையியல். ஆயின் இம்முறை அதே ஹெஸ்பர்க் அடிகளார் தலைமையில் பல்கலைக்கழகம் தான் கொடுத்த ஐந்தாண்டு வாக்கை முழுமையாகக் காத்தது. 1985இல் ஃபாஸ்ட் தாமே விலகினார். 1988இல் பட்டம் வென்ற அணியின் மூத்த வீரருள் சிலர் அவர் அழைத்து வந்தவர்கள். ஒருவர் விதைக்க மற்றவர் அறுத்தார்.

அதன்பின் பட்டம் வரவில்லை, பொறுமையும் குறைந்தது. 2001 டிசம்பரில் அமர்த்தப்பட்ட ஜார்ஜ் ஓ'லியரி, தம் தகுதிக் குறிப்பில் பொய்யுரைத்தது வெளியாகவே சில நாள்களில் விலகினார். அடுத்து வந்த டைரோன் வில்லிங்காம், அங்கு கால்பந்துக்குத் தலைமையேற்ற முதல் கறுப்பினத்தவர், மூன்றே பருவங்களில் 2004இல் நீக்கப்பட்டார். அம்முடிவால் தாம் வெட்கமுற்றதாக அன்றைய தலைவர் அருட்தந்தை எட்வர்ட் மலோய் பொதுவில் கூறினார். பிரையன் கெல்லி தம் மூன்றாம் பருவமான 2012இல் இறுதி ஆட்டம் வரை சென்று அலபாமாவிடம் 14க்கு 42 என்று தோற்றார். 2021இல் அவர் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கும் தேசியப் பட்டம் கைகூடாமல் 2025 அக்டோபரில் நீக்கப்பட்டார்.

கெல்லி விட்டுச்சென்ற இடத்தில் 35 வயது மார்க்கஸ் ஃபிரீமன் அமர்ந்தார். கறுப்பினத் தந்தைக்கும் கொரியத் தாய்க்கும் பிறந்தவர். 2022இல் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தவர். ஆட்ட நாளன்று அணி திருப்பலியில் பங்கேற்கும் பழைய வழக்கத்தை மீட்டவர். அவரது மூன்றாம் பருவம் 2024. செப்டம்பரில் வடக்கு இல்லினாய் அணியிடம் சொந்தத் திடலிலேயே 14க்கு 16 என்று தோற்றபோது அவரை அகற்றுக என்னும் குரல்கள் எழுந்தன. அதன்பின் அவ்வணி தொடர்ந்து 13 ஆட்டங்களை வென்று, 2025 ஜனவரி 20 அன்று இறுதி ஆட்டத்தில் ஒஹாயோ மாநில அணியிடம் 23க்கு 34 என்று வீழ்ந்தது. 2025 பருவத்திலோ முதல் இரண்டில் தோற்று, அடுத்த பத்திலும் வென்றும், பட்டப் போட்டிக்கான 12 அணிகளுள் ஒன்றாக அது தேர்ந்தெடுக்கப்படவில்லை.

காலமும் மாறிவிட்டது. 2021 முதல் வீரர்கள் தம் பெயராலும் புகழாலும் பொருள் ஈட்டலாம். 2025 முதல் கல்லூரிகளே ஆண்டொன்றுக்கு இரண்டு கோடி டாலர் அளவு வரை தம் வீரர்களுக்குப் பகிர்ந்தளிக்கலாம். ஆண்டுதோறும் கல்லூரி மாறுவதும் எளிதாயிற்று. இளைஞர்க்கு உரிய பங்கு கிடைப்பது நீதியே. ஆயினும் விதைத்தவர் காத்திருக்கும் காலம் சுருங்கி, பணம் படைத்த நிறுவனத்தின் கை ஓங்குகின்றது. ஆகவே, பயிற்சியாளர் ஒருவரால் பட்டம் வெல்ல முடியுமா என்பதற்கு வரலாறு தரும் விடை இதுவே: திறமையற்றவரால் முடியாது, திறமையுள்ளவராலும் தனியே முடியாது. அவரை அமர்த்தியவர்கள் கருவியும் காலமும் தந்தால் முடியக்கூடும், அப்போதும் உறுதியில்லை.

லூக்கா நற்செய்தியில் நம் ஆண்டவர் சொன்ன அத்திமர உவமை நினைவுக்கு வருகின்றது. தோட்ட உரிமையாளர் மூன்று ஆண்டுகள் கனி தேடி வந்து ஏமாற்றமடைந்து, மரத்தை வெட்டச் சொல்கின்றார். தோட்டக்காரரோ இன்னும் ஓர் ஆண்டு கேட்கின்றார். அவர் கேட்டது வெறும் தவணை அன்று. தாமே சுற்றிலும் கொத்தி எருவிடுவதாக வாக்களித்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். உதவித்தொகையைக் குறைத்துவிட்டுப் பிரென்னனை வெட்டியவர்கள் எருவிட மறந்தவர்கள். வாக்குக் காத்து ஃபாஸ்டை அனுப்பிவைத்தவர்கள் கனி காணவில்லை. ஆனால் வேரைக் காத்தார்கள்.

அத்தோட்டக்காரர் முடிவில்லாக் காலம் கேட்கவில்லை என்பதும் உண்மையே. மாற்றம் வேண்டிய வேளை வரும்; அதனைச் செய்ய அஞ்சுவதும் பொறுப்பின்மையாகும். ஆயின், திருச்சபையின் பெயர் தாங்கிய எந்த நிறுவனமும், ஒருவரிடம் கனி எங்கே என்று கேட்குமுன், நாம் எத்தனை முறை கொத்தினோம், எவ்வளவு எருவிட்டோம் என்று தன்னையே கேட்டாக வேண்டும். பட்டங்களின் எண்ணிக்கையைப் பதிவேடுகள் காத்துக்கொள்ளும். அனுப்பப்பட்ட மனிதர் எவ்வாறு அனுப்பப்பட்டார் என்பதற்கு நாம்தான் கணக்குக் கொடுக்க வேண்டும்.