மறதிநோய்ப் பராமரிப்பாளர் பயிற்சியில் தொழில்நுட்பம்: மொன்றியல்

டிமென்ஷியா என மருத்துவம் அழைக்கும் மறதிநோய்க்கு ஆளானவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய மனைவி, கணவன், மகள், மருமகள், மகன் ஆகியோர்தான். இவர்களுக்குத் தொலைபேசி, இணையப் பாடம், காணொளி, பாவனைப் பயிற்சி ஆகியவற்றின் வழியே அறிவும் துணையும் தருவது கடந்த 20 ஆண்டுகளில் தனித்துறையாக வளர்ந்திருக்கிறது. கனடாவில் இத்துறை ஆழமாக வேரூன்றிய நகரங்களில் மொன்றியலும் ஒன்று. மக்கில் பல்கலைக்கழகம், மொன்றியல் பல்கலைக்கழகம், குயின் மேரி சாலையிலுள்ள முதியோர் மருத்துவக் கழகம், 1981 முதல் இயங்கும் மொன்றியல் அல்சைமர் சங்கம் ஆகியவை இதில் பங்குகொண்டுள்ளன.

தேவை

கனடா அல்சைமர் சங்கம் 2022இல் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி 2020இல் அந்நாட்டில் ஏறத்தாழ 5,97,000 பேர் மறதிநோயுடன் வாழ்ந்தனர். 2030இல் இது 10 இலட்சத்தை நெருங்கும். ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தார் வாரத்துக்குச் சராசரியாக 26 மணி நேரத்தை அதற்குச் செலவிடுகிறார்கள். சம்பளமில்லாத இந்த உழைப்பைச் சேர்த்துப் பார்த்தால் 2,35,000 முழுநேர வேலைகளுக்குச் சமம். இவ்வளவு பெரிய பணியைச் செய்பவர்களில் மிகப் பலர் ஒரு நாள் பயிற்சிகூடப் பெற்றதில்லை. நோயைக் கண்டறிந்த மருத்துவர் மாத்திரைச் சீட்டைத் தருகிறார், ஆறு மாதம் கழித்து வரச் சொல்கிறார். இடைப்பட்ட காலத்தில் என்ன செய்வது என்பது வீட்டாரின் தலையில் விழுகிறது.

அவர்கள் கற்க வேண்டியவை புத்தக அறிவால் மட்டும் வருவன அல்ல. மாலை மங்கும் நேரத்தில் தாய் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "வீட்டை போவம்" என்கிறார். "இதுதானேயம்மா வீடு" என்று மகள் பத்துத் தடவை சொன்னாலும் பதற்றம் கூடுமே தவிரக் குறையாது. மூளையின் எப்பகுதி பழுதானால் இப்படி நேர்கிறது என்று தெரிந்துவிட்டால் மட்டும் மகளுக்குப் போதாது. மறுத்துப் பேசாமல், "அங்கை ஆர் ஆர் இருக்கினம்?" என்று கேட்டு, அவரைப் பேசவிட்டு, மெல்ல அழைத்து வந்து தேநீர் கொடுப்பதற்குப் பழக்கம் வேண்டும். குளிக்க மறுப்பவரிடம் எப்படிப் பேசுவது, தட்டைத் தள்ளிவிடுபவருக்கு எப்படி ஊட்டுவது, காசைத் திருடிவிட்டாய் என்று பழி சொல்லும்போது எப்படி மனம் நோகாமல் நிற்பது ஆகிய எல்லாமே இவ்வகையைச் சேர்ந்தவை. நல்ல பயிற்சிக்கும் வெறும் தகவலுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. மொன்றியலின் முயற்சிகளையும் இந்த அளவுகோலாலேயே எடைபோட வேண்டும்.

தொலைபேசியில் தொடங்கியது

2000களில், மொன்றியல் அமைந்துள்ள கியூபெக் மாகாணத்தில் 'கேர்-றிங் வொய்ஸ்' என்னும் அமைப்பு, பராமரிப்பாளர்களைத் தொலைபேசியிலேயே ஒரு குழுவாக இணைத்தது. குறித்த நேரத்தில் வீட்டிலிருந்தபடியே அழைப்பில் சேரலாம். ஒரு சமூகப் பணியாளரோ தாதியோ பேசுவார். மற்றவர்கள் கேட்பார்கள், கேள்வி கேட்பார்கள், தங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்வார்கள். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் நடந்த இச்சேவைக்குக் கட்டணமில்லை. நோயாளியைத் தனியே விட்டுவிட்டுப் பனியில் பேருந்து பிடித்து வகுப்புக்குப் போக முடியாத ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். புதிய கருவி எதையும் வாங்கவோ பழகவோ தேவையிருக்கவில்லை. பராமரிப்பாளர்களில் பலர் தாங்களே எழுபதைக் கடந்தவர்கள் என்பதால், இந்த எளிமைதான் இதன் பெரும் பலம் எனலாம். அதே வட்டத்திலிருந்து பின்னர் ஹடல் என்ற இணையத்தளமும் தோன்றியது.

ஏறத்தாழ அதே காலத்தில் மொன்றியல் பல்கலைக்கழகத் தாதியியல் பேராசிரியர் பிரான்சீன் டுஷார்மும் அவருடைய குழுவினரும், நோய் கண்டறியப்பட்ட உடனேயே குடும்பத்தாருக்குப் பயிற்சி தரும் ஒரு திட்டத்தை உருவாக்கினர். பராமரிப்பாளராவதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றே என்பது அதன் பெயரிலேயே பொதிந்த கருத்து. தனித்தனியாக நடக்கும் ஏழு அமர்வுகளில் நோயாளியுடன் பேசும் முறை, தன் மன அழுத்தத்தைக் கையாளுதல், உதவி கேட்கப் பழகுதல், வரப்போகும் கட்டங்களுக்குத் திட்டமிடுதல் ஆகியவை கற்பிக்கப்பட்டன. 2011இல் வெளியான சோதனை முடிவுகளின்படி, பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட அதிகத் தன்னம்பிக்கையுடன் இருந்தனர். கிடைக்கக்கூடிய சேவைகளைப் பற்றியும் கூடுதலாக அறிந்திருந்தனர். இத்திட்டம் பின்னர் இணைய வடிவத்துக்கும் மாற்றப்பட்டது. நேரில் சோதித்து உறுதிசெய்த பாடத்தைத் திரைக்குக் கொண்டுவந்த இந்த வரிசை கவனிக்கத்தக்கது. செயலியை முதலில் கட்டிவிட்டுப் பாடத்தைப் பின்னர் தேடும் பல முயற்சிகள் இதைப் பின்பற்றியிருக்கலாம்.

மக்கில் பல்கலைக்கழகத்தின் பணி

மக்கிலின் ஸ்டைன்பெர்க் பாவனைப் பயிற்சி மையம் 2006இல் திறக்கப்பட்டது. மருத்துவ மாணவர்கள் உண்மையான நோயாளியைத் தொடுவதற்கு முன் இயந்திரப் பொம்மைகளிடமும், நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவர்களிடமும் தவறு செய்து திருந்துவதற்கான இடம் அது. இம்மையத்தின் தலைமையிலிருந்த அறுவை மருத்துவர் ஜெரால்ட் பிரைட், முதியோர் மருத்துவர் ஹோசே மொராய்ஸ், நரம்பியலாளர் செர்ஜ் கோத்தியே ஆகியோருடன் சேர்ந்து, கிளேர் வெப்ஸ்டர் மக்கிலின் மறதிநோய்க் கல்வித் திட்டத்தை நிறுவினார். வெப்ஸ்டர் மருத்துவர் அல்லர். அல்சைமர் நோயால் பாதிக்கப்பட்ட தம் தாயைப் பார்த்துக்கொண்டவர். பட்டறிவுள்ள ஒரு மகளும் மருத்துவப் பேராசிரியர்களும் ஒரே மேசையில் அமர்ந்து பாடத்திட்டம் எழுதியதே இத்திட்டத்தின் தனித்தன்மை. குடும்பத்தாரையும் மருத்துவ மாணவர்களையும் சேர்த்தே இது கருத்தில் கொண்டது.

2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது கியூபெக்கின் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் வெளியார் நுழையத் தடை வந்தது. நாள்தோறும் போய்த் தாய்க்குச் சோறூட்டி வந்த பிள்ளைகளும் அந்தத் தடையில் வெளியார் ஆனார்கள். முதல் அலையில் கியூபெக்கில் இறந்தவர்களில் பெரும்பாலோர் இத்தகைய இல்லங்களிலும் முதியோர் விடுதிகளிலும் இருந்தவர்கள். ஆட்பற்றாக்குறையைச் சமாளிக்க இராணுவத்தினரே வரவழைக்கப்பட்டனர். குடும்பத்தாரின் கை இல்லாமல் அந்த இல்லங்கள் இயங்க முடியாது என்பது அந்த வசந்த காலத்தில் கொடுமையான முறையில் தெளிவாயிற்று. தாதி ஒருவர் பிடித்திருக்கும் பலகைக் கணினியில் முகம் பார்ப்பதே பலருக்கு எஞ்சியிருந்த உறவு. ஆனால் முற்றிய நோயில் இருப்பவருக்குத் திரையில் தெரியும் முகம் மகனுடையது என்று விளங்குவதில்லை. குரல் எங்கிருந்து வருகிறது என்று அஞ்சுபவர்களும் உண்டு. தொடுதலுக்குத் திரை ஈடாகாது.

அதே ஆண்டில் மக்கில், பராமரிப்பாளர்களுக்காக 'மக்கில் கேர்ஸ்' என்ற இணைய ஒளிபரப்புத் தொடரைத் தொடங்கியது. வெப்ஸ்டர் மருத்துவர்களையும் சட்டம், உளவியல், சிகிச்சைத் துறை வல்லுநர்களையும் நேர்கண்டார். பொது முடக்கத்துக்காகப் பிறந்த தொடர் முடக்கம் போன பின்னும் நீடித்தது. இத்திட்டம் வெளியிட்ட வழிகாட்டி நூலை இலவசமாகத் தரவிறக்கலாம். இலண்டனிலுள்ள பன்னாட்டு அல்சைமர் அமைப்பின் உலக அறிக்கைகளில் 2021, 2022ஆம் ஆண்டுகளுக்கானவற்றை எழுதியதும் கோத்தியே, வெப்ஸ்டர் உள்ளிட்ட மக்கில் குழுவினரே. முந்தையது நோய் கண்டறிதல் பற்றியது. பிந்தையது கண்டறிந்தபின் வாழ்வது பற்றியது.

உலகத் திட்டங்கள்

உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் 'ஐ-சப்போர்ட்' என்னும் இணையப் பயிற்சியை வெளியிட்டது. 5 பகுதிகள், 23 பாடங்கள். நோயின் இயல்பு, பராமரிப்பாளரின் பங்கு, தன்னைக் கவனித்துக்கொள்ளல், அன்றாடப் பணிகள், நடத்தை மாற்றங்கள் எனப் பகுதிகள் விரிகின்றன. ஒரு சூழலைச் சொல்லி, 'நீங்கள் என்ன செய்வீர்கள்' என்று கேட்டு, தெரிவுசெய்த விடைக்கு உடனே விளக்கம் தருவது இதன் முறை. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனம் இதை இந்தியச் சூழலுக்கேற்ப மாற்றிச் சோதித்தபோது, சேர்ந்தவர்களில் பலர் பயிற்சியை முடிக்கவில்லை. நேரமின்மைதான் பராமரிப்பாளரின் முதல் நோய். நீண்ட பாடங்கள் அதற்கு முன் தோற்றுவிடுகின்றன.

நோயாளியின் கண்ணால் உலகைக் காட்டும் மெய்நிகர் முறைகள் வேறொரு கிளை. 2013இல் மெல்பேர்னில் ஆஸ்திரேலிய அல்சைமர் அமைப்பு கணினி விளையாட்டு நுட்பத்தைக் கொண்டு ஒரு வீட்டை அமைத்தது. 2016இல் பிரித்தானியாவில் ஒரு கைபேசிச் செயலி வந்தது. கரிய தரைவிரிப்பு பள்ளமாகத் தெரிவதையும், கடையில் சில்லறை எண்ண முடியாமல் திணறுவதையும் அனுபவித்தவருக்குப் பொறுமை எளிதில் வருகிறது.

வீட்டுக் கருவிகள்

அடுப்பை மறந்துவிட்டால் தானே அணைக்கும் கருவி, கதவு திறந்தால் ஒலிக்கும் மணி, வேளைக்கு மாத்திரை தரும் பெட்டி, இருக்குமிடம் காட்டும் கைக்கடிகாரம் ஆகியவை இன்று கடைகளில் கிடைக்கின்றன. சனவரியில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 20 பாகை வரை இறங்கும் மொன்றியலில், மேலங்கியின்றி வெளியே போன ஒருவரை அரை மணி நேரத்துக்குள் கண்டுபிடிப்பது உயிர்ப் பிரச்சினை. ஆகவே இருப்பிடக் கருவியை வீண்செலவு என்று ஒதுக்க முடியாது. ஆனால் படுக்கையறைக் கமரா வேறு விடயம். நோய் முற்றுவதற்கு முன், நோயாளி தெளிவாக இருக்கும்போதே அவரிடம் கேட்டு இணக்கம் பெற வேண்டும். எதிர்காலத்தில் தமக்காக யார் முடிவெடுப்பது என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் பாதுகாப்பு ஆணைக்கு கியூபெக் சட்டத்தில் இடமுண்டு. இவ்வுரையாடலை அதனோடு சேர்த்தே நடத்திவிடலாம்.

சட்டமும் சேவைகளும்

மருத்துவர் ஹோவர்ட் பெர்க்மன் தலைமையில் கியூபெக் அரசுக்காக 2009இல் வந்த அறிக்கை, மறதிநோய்க் கவனிப்பைக் குடும்ப மருத்துவர் குழுக்களிடமே வேரூன்றச் செய்யுமாறு பரிந்துரைத்தது. பராமரிப்பாளர்களுக்கான லாப்பூயி அமைப்பு அதே ஆண்டில் தொடங்கி, தொலைபேசி ஆலோசனை தருகிறது. 2020 அக்டோபரில் கியூபெக் சட்டமன்றம் பராமரிப்பாளர்களை அங்கீகரிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. குடியிருப்புப் பகுதிச் சுகாதார நிலையங்கள் வீட்டு உதவிக்கான முதல் வாசல்.

மொன்றியல் தமிழர்

1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழரை மீனவர்கள் மீட்டனர். பின்னர் அவர்கள் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் சென்றனர். அன்று முப்பதுகளில் இருந்தவர்கள் இன்று எழுபதைத் தொடுகிறார்கள். கனடா அல்சைமர் சங்கத்தின் 2024 அறிக்கை, 2050க்குள் அந்நாட்டில் மறதிநோயாளர்களில் நால்வரில் ஒருவர் ஆசிய வம்சாவளியினராக இருப்பார் என்கிறது. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன், கோத்-தெ-நேஜ் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இந்த எண்ணிக்கைக்கு வெளியே இல்லை.

பிற்காலத்தில் கற்ற பிரெஞ்சும் ஆங்கிலமும் நோயில் முதலில் நழுவ, தாய்மொழி நீண்ட நாள் தங்குவதை மருத்துவர்கள் பல நோயாளிகளிடம் காண்கிறார்கள். கியூபெக்கின் 1977ஆம் ஆண்டு மொழிச் சட்டத்தால் பிரெஞ்சுப் பள்ளிகளில் படித்த பேரப்பிள்ளைகளோ அந்தத் தமிழைப் பாதியே அறிவார்கள். மொன்றியல் பகுதி நரம்பியலாளர் சியாத் நஸ்ரெடின் 2005இல் வெளியிட்ட, நகரின் பெயரையே தாங்கிய 30 மதிப்பெண் நினைவாற்றல் சோதனைக்குத் தமிழ் வடிவம் உண்டு. கடிகாரம் வரைதல், ஐந்து சொற்களை நினைவில் வைத்தல் போன்றவை அதில் அடங்கும். தமிழில் சோதிக்கும்படி கேட்கலாம் என்பதைப் பல குடும்பங்கள் அறிவதில்லை. மொழியால் வந்த தடுமாற்றமும் நோயால் வந்ததும் ஒன்றாகக் கலந்து மதிப்பெண்ணைக் குறைத்துக் காட்டும் ஆபத்து பிற மொழியில் சோதிப்பதில் இருக்கிறது.

சென்னையில் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்னும் மனநல ஆய்வு நிறுவனம், பிரித்தானியாவில் உருவான 14 அமர்வு அறிவுத் தூண்டல் சிகிச்சையைத் தமிழ்ச் சூழலுக்கு ஏற்பத் தழுவி, 2017இல் அதன் முடிவுகளை வெளியிட்டது. பாட்டு, சமையல், ஊர் நினைவு என்று குழுவாகப் பேசவைக்கும் இம்முறைக்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. சென்னையில் பழகிய நடத்துநர் ஒருவர் காணொளி வழியே பார்க் எக்ஸ்டென்ஷனிலுள்ள மருமகளுக்கோ கோயில் மண்டபத் தொண்டர்களுக்கோ இதைக் கற்பிக்க, மொன்றியலில் தொலைபேசிக் குழுக்கள் காலத்திலிருந்து சேர்ந்த அனுபவமே போதுமானது.