தொழில்துறையின் கருத்து எது?

மத்திய அரசோ மாநில அரசோ ஒரு சட்டமுன்வடிவை வெளியிட்டால், மறுநாள் நாளிதழ்களில் 'தொழில்துறையினர் வரவேற்பு' என்றோ 'தொழில்துறையினர் அதிருப்தி' என்றோ ஒரு செய்தி தவறாமல் இடம்பெறும். தில்லியிலோ சென்னையிலோ உள்ள பெரிய கூட்டமைப்பு ஒன்றின் தலைவர் சொன்ன நான்கு வரிகள் அதில் இருக்கும். கோவை தொழிற்பேட்டையில் எட்டுப் பேரை வைத்து லேத் பட்டறை நடத்துபவரும், மூவாயிரம் பேர் பணிபுரியும் மின்னணு ஆலையின் மேலாண் இயக்குநரும் அந்த நான்கு வரிகளுக்குள் ஒன்றாக அடைக்கப்பட்டிருப்பார்கள்.

தற்போது நாட்டின் முன் இரண்டு பெரிய சட்ட மாற்றங்கள் உள்ளன. ஒன்று, 29 மத்தியச் சட்டங்களை ஒருங்கிணைத்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள். ஊதியத் தொகுப்பு 2019-லும் மற்ற மூன்றும் 2020-லும் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. ஐந்தாண்டுகளுக்கு மேல் கிடப்பில் இருந்த பிறகு 2025 நவம்பர் 21 அன்று அவை நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டன. மற்றொன்று, 2025 அக்டோபரில் மத்திய மின்சார அமைச்சகம் கருத்துக் கேட்டு வெளியிட்ட மின்சாரச் சட்டத் திருத்த வரைவு. 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த 2014, 2020, 2022 ஆகிய ஆண்டுகளில் எடுக்கப்பட்ட முயற்சிகளின் தொடர்ச்சி அது.

இவ்விரண்டையும் தனித்தனியாக விவாதிப்பதே வழக்கம். ஆனால், ஒரு தொழிற்கூடத்தின் கணக்கேட்டில் கூலியும் மின்கட்டணமும் அடுத்தடுத்த வரிகள். ஒன்று இறுகினால் மற்றொன்றை நெகிழ்த்தச் சொல்லி முதலாளி கேட்பார். இந்தத் தொடர்பைக் கண்டுகொள்ளாமல் 'தொழில்துறையின் கருத்து' என்று எதைச் சொன்னாலும் அது அரைகுறையாகவே இருக்கும்.

தொழிலாளர் சட்டத்தில் முதலாளிகள் ஒரே குரலில் பேசியதில்லை என்பதற்கு வரலாறே சான்று. 1881-இல் இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தபோது அதைக் கோரியவர்களுள் லங்காஷயர் ஆலை முதலாளிகளும் இருந்தனர். எதிர்த்தவர்கள் பம்பாய் ஆலை முதலாளிகள். இந்தியக் குழந்தைத் தொழிலாளர் மீது மான்செஸ்டருக்கு ஏற்பட்ட திடீர்க் கருணைக்குப் பின்னால் இருந்தது சந்தைப் போட்டிதான். நூறு பேருக்குக் குறையாமல் பணிபுரியும் ஆலைகளுக்கே அச்சட்டம் பொருந்தும் என்பது வரம்பு. எண்ணிக்கையை வைத்துக் கோடு போடும் பழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

இன்றைய தொழிலுறவுத் தொகுப்பிலும் அதிகம் பேசப்படுவது ஓர் எண்தான். ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அனுமதி பெற வேண்டிய வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300-ஆக உயர்த்தப்பட்டுள்ளது. இதைப் புரட்சி என்று ஒரு தரப்பும் பேரிடர் என்று மறுதரப்பும் கூறுகின்றன. 1976-இல் நெருக்கடிநிலைக் காலத்தில் இந்த விதி முதன்முதலில் வந்தபோதே வரம்பு 300தான். 1982-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அது 100-ஆகக் குறைந்தது. இரு தரப்பினரும் இதை நினைவூட்டக் காணோம்.

இந்த மாற்றத்தால் யாருக்கு நேரடிப் பயன்? நூறுக்கும் முந்நூறுக்கும் இடைப்பட்ட ஆலைகளுக்கும், முந்நூறைத் தாண்டாமல் தம் ஆலைகளைப் பிரித்து அமைக்கக்கூடிய பெரு நிறுவனங்களுக்கும். நாட்டின் மிகப்பெரும்பாலான தொழிற்கூடங்களில் பணிபுரிவோர் நூறு பேருக்கும் குறைவு. ஆட்குறைப்பு அனுமதி என்ற விதி அவர்களைப் பழைய சட்டத்திலும் தொட்டதில்லை.

நான் கற்பித்த காலத்தில் முதுகலை மாணவர்களுடன் ஆண்டுதோறும் விவாதித்த ஓர் ஆய்வு உண்டு. பெஸ்லி, பர்ஜஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 2004-இல் வெளியிட்டது. தொழிலாளருக்குச் சாதகமாகச் சட்டம் திருத்திய மாநிலங்களில் பதிவுபெற்ற ஆலைகளின் உற்பத்தி குன்றியது என்பது அதன் முடிவு. சீர்திருத்த ஆதரவாளர்கள் இன்றும் அதை மேற்கோள் காட்டுவர். ஆனால், அந்த வகைப்பாட்டின்படி குஜராத்தும் மகாராஷ்டிரமும் தொழிலாளர் சார்பு மாநிலங்கள். கேரளம் முதலாளி சார்பு மாநிலம்! தமிழகமும் முதலாளி சார்புப் பட்டியலில்தான் வரும். சட்டத்தின் எழுத்தை மட்டும் எண்ணி, அது நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதை விட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும். பொருளியலாளர் ஆதித்ய பட்டாசார்ஜி இதை விரிவாகவே விமர்சித்தார். சட்டம் இறுக்கமாக இருந்த ஆண்டுகளிலேயே ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளரின் பங்கு கூடிக்கொண்டே போய், இன்று ஏறத்தாழ 40 விழுக்காட்டை எட்டியுள்ளது. தேவைப்பட்ட நெகிழ்வைப் பெரிய ஆலைகள் சட்டத்துக்குக் காத்திராமல் தாமே உருவாக்கிக் கொண்டன.

சிறு தொழில்முனைவோரின் கவலை வேறு. ஊதியத்துக்கான புதிய வரையறைப்படி, படிகள் உள்ளிட்ட விலக்கு இனங்கள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியமாகவே கருதப்படும். ஒருவருக்கு மாதம் ரூ.24,000 தருகிறோம், அதில் அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் ரூ.10,000, மற்ற படிகள் ரூ.14,000 எனக் கொள்வோம். இனி ஊதியம் என்பது ரூ.12,000. வருங்கால வைப்பு நிதிக்கு முதலாளி தரும் 12 விழுக்காடு ரூ.1,200-லிருந்து ரூ.1,440 ஆகும். நாற்பது பேர் உள்ள கூடத்தில் மாதம் ரூ.9,600 கூடுதல், பணிக்கொடைப் பொறுப்பு தனி. தொழிலாளியின் முதுமைக்குச் சேர வேண்டிய பணம் அது, கொடுத்தே ஆக வேண்டும் என்பதே என் கருத்து. ஆயினும், இந்தச் சட்டத்தில் பெரிய முதலாளிக்கு நெகிழ்வும் சிறிய முதலாளிக்குச் செலவும் கிடைத்திருப்பதை மறைக்க இயலாது. சிறியவருக்குக் கிடைத்த முக்கியச் சலுகை, மின்விசையுடன் இயங்கும் கூடம் 'தொழிற்சாலை' எனக் கருதப்படுவதற்கான வரம்பு 10 பேரிலிருந்து 20 பேராக உயர்ந்தது. அந்த இடைவெளியில் நிற்கும் தொழிலாளியின் கை எந்திரத்தில் சிக்கினால் யார் வந்து பார்ப்பார் என்ற கேள்விக்கு மாநில அரசுகள் வகுக்கும் விதிகளில்தான் விடை தேட வேண்டும்.

மின்சாரத்துக்கு வருவோம். கோவை ஆலை நகரமானதற்கு மண்ணும் பருத்தியும் மட்டும் காரணமல்ல. 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகே அங்கு நூற்பாலைகள் அடுத்தடுத்து எழுந்தன. மின்சாரத்தால் வளர்ந்த அந்த வட்டாரம் மின்சாரத்தாலேயே வாடவும் செய்தது. 2008 முதல் உயர் அழுத்த இணைப்புகளுக்கு விதிக்கப்பட்ட மின்வெட்டுக் கட்டுப்பாடுகளும், 2012-இன் நீண்ட மின்தடைகளும் கொங்கு மண்டலத்தில் இன்னும் மறக்கப்படவில்லை. காற்றாலை நிறுவிய நூற்பாலைகள் ஓரளவு தாக்குப்பிடித்தன. கூலிக்கு நெசவு செய்தவர்களும் ஜாப் ஆர்டர் பட்டறைக்காரர்களும் டீசல் வாங்கியே நொடித்தார்கள்.

இப்போதைய சிக்கல் தட்டுப்பாடு அன்று, கட்டணத்தின் அமைப்பு. 2022 செப்டம்பரில் தமிழகத்தில் உயர் அழுத்த இணைப்புகளுக்கு டிமாண்ட் கட்டணம் ஒரு கே.வி.ஏ.-வுக்கு ரூ.350-லிருந்து ரூ.550-ஆக உயர்ந்தது. பதிவான உச்சத் தேவை, ஒப்பந்த அளவில் 90 விழுக்காடு ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் செலுத்த வேண்டும். 500 கே.வி.ஏ. ஒப்பந்தம் உள்ள ஒரு நூற்பாலை, நூலுக்கு விலையில்லாமல் ஒரு மாதம் கதவடைத்தாலும் 450 கே.வி.ஏ.-வுக்குக் கட்ட வேண்டும். முன்பு ரூ.1,57,500, உயர்வுக்குப் பின் ரூ.2,47,500. தறி ஓடவில்லை என்று நெசவாளியை வீட்டுக்கு அனுப்பலாம். மின்வாரியத்தை அனுப்ப முடியாது. தொழிலாளர் சட்டத்தில் நெகிழ்வு வேண்டும் என்ற முதலாளிகளின் முறையீட்டுக்குப் பின்னால், செலவுக் கணக்கில் வளையக்கூடிய ஒரே இனமாகக் கூலி மிஞ்சியிருக்கும் நிலையும் இருக்கிறது.

2023-ஆம் ஆண்டு இதற்குக் கண்கூடான எடுத்துக்காட்டு. ஏப்ரல் 21 அன்று, வேலைநேர விதிகளிலிருந்து ஆலைகளுக்கு விலக்களித்து 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் தொழிற்சாலைகள் திருத்தச் சட்டமுன்வடிவு தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்ததால் மூன்றே நாள்களில் நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். அந்தச் சட்டத்தால் மிகுதியும் பயன்பெற்றிருக்கக் கூடியவை பெரிய பன்னாட்டு ஆலைகள். திருப்பூரில் 'ஒன்றரை ஷிப்ட்' என்ற சொல் பல பத்தாண்டுகளாகப் புழங்குகிறது. அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு யாரும் பேரவையை நாடவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 25 அன்று குறு, சிறு, நடுத்தரத் தொழில்முனைவோர் மாநிலம் முழுவதும் ஒருநாள் கதவடைப்பு நடத்தினர். அவர்கள் கேட்டது வேலைநேரத்தை அன்று. நிலைக் கட்டணத்தையும் உச்ச நேரக் கட்டணத்தையும் குறைக்கும்படி. தாழ்வழுத்த இணைப்புகளுக்கான உச்ச நேரக் கட்டணத்தை 25 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாக அரசு முன்னரே குறைத்திருந்தது. ஐந்து மாத இடைவெளியில் 'தொழில்துறை' கேட்ட இரண்டு கோரிக்கைகள் இவை. இரண்டையும் கேட்டவர்கள் ஒருவர் அல்லர்.

2025 வரைவில் இந்தப் பிளவு இன்னும் ஆழமாகத் தெரிகிறது. உற்பத்தித் தொழில்கள், ரயில்வே, மெட்ரோ ஆகியவற்றின் மீதான குறுக்கு மானியச் சுமையை ஐந்தாண்டுகளுக்குள் நீக்க வேண்டும் என்கிறது வரைவு. கேட்பதற்கு எல்லாத் தொழிலுக்கும் இனிய செய்தி. அதே வரைவில், 1 மெகாவாட்டுக்கு மேல் பயன்படுத்துவோருக்கு மின்சாரம் வழங்கியே தீரவேண்டும் என்ற கடமையிலிருந்து பகிர்மான நிறுவனங்களுக்கு விலக்களிக்க ஒழுங்குமுறை ஆணையங்களை அனுமதிக்கும் விதியும், ஒரே கம்பி வலைப்பின்னலைப் பல நிறுவனங்கள் பகிர்ந்து விநியோகிக்கும் விதியும் உண்டு. பெரிய நுகர்வோர் வெளிச்சந்தைக்குச் செல்வர். பழைய மின்கொள்முதல் ஒப்பந்தங்களின் சுமை அரசு நிறுவனத்திடமே தங்கும். அதைப் பகிர்ந்துகொள்ள மிஞ்சியிருப்பவர்கள் வீட்டு நுகர்வோர், வணிகக் கடைகள், 112 கிலோவாட்டுக்கு உட்பட்ட பட்டறைகள். குறுக்கு மானியம் போனால் உழவருக்கும் எளிய வீடுகளுக்குமான மானியத்தை மாநிலக் கருவூலம் முழுமையாகத் தர வேண்டும். கருவூலம் தாமதித்தால் பகிர்மான நிறுவனம் கடன் வாங்கும். கடன் வட்டி மீண்டும் கட்டணத்தில் ஏறும்.

சிறு தொழில்முனைவோரின் நிலைப்பாட்டில் உள்ள ஒரு முரணையும் சொல்லியாக வேண்டும். பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறிக்கூடம் வைத்திருப்பவர் பலருக்குத் தோட்டமும் உண்டு. தோட்டத்துக் கிணற்றில் இலவச மின்சாரம் ஓடும். தறிக்கூட மீட்டரின் முன் நின்று குறுக்கு மானியத்தைக் கண்டிப்பவரே, கிணற்று மோட்டாருக்கு மீட்டர் பொருத்த ஆள் வந்தால் மறியலுக்குச் செல்வார். பெரிய ஆலைகளிடமும் முரண் உண்டு. சொந்தப் பயன்பாட்டு மின்நிலையம் என்ற தகுதிக்கு 26 விழுக்காடு பங்கும் 51 விழுக்காடு நுகர்வும் போதும் என்ற விதியைக் கொண்டு கூடுதல் கட்டணங்களிலிருந்து விலக்குப் பெறுவோர், காற்றாலை மின்சாரத்தை வாரியத்திடம் இருப்பு வைத்துத் திரும்பப் பெறும் வசதியையும் விடத் தயாரில்லை. சந்தை வேண்டும்; சலுகையும் வேண்டும்.

இரு சட்டங்களும் சந்திக்கும் இடம் இரவுநேரம். மின்கட்டணம் காலையும் மாலையும் உச்சம்; உயர் அழுத்த இணைப்புகளுக்கு இரவில் சிறு தள்ளுபடி. பெண்களை அவர்களது ஒப்புதலுடன் இரவுப் பணியில் அமர்த்தப் புதிய பணிப்பாதுகாப்புத் தொகுப்பு இடமளிக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நூற்பாலைகளும் ஆயத்த ஆடைக் கூடங்களும் எந்த நேரத்தை நோக்கி நகரும் என்பது விளங்கும். இளம்பெண்கள் மிகுதியாகப் பணிபுரியும் தொழில்களில் ஒப்புதல் என்பது எந்த அளவுக்கு உண்மையான ஒப்புதலாக இருக்கும்? இக்கேள்வியைத் தொழிலாளர் துறையும் கேட்பதில்லை. அது தன் வேலையன்று என்று மின்துறையும் இருந்துவிடுகிறது.

வரைவுகளின் மீது கருத்துக் கேட்கும்போது பெரிய கூட்டமைப்புகள் சட்ட வல்லுநர்களைக் கொண்டு பதில் எழுதுகின்றன. அவற்றின் பிரதிநிதிகள் நாடாளுமன்ற நிலைக்குழு முன் தோன்றுகின்றனர். குறுந்தொழில் சங்கச் செயலாளர் தன் லேத்தை நிறுத்தினால்தான் கடிதம் எழுத முடியும். எனவே, ஒவ்வொரு சட்டமுன்வடிவுடனும் அளவு வாரியான தாக்க அறிக்கை ஒன்று இணைக்கப்பட வேண்டும் என்பது என் யோசனை. இருபது பேருக்குக் குறைவான கூடம், முந்நூறு வரை உள்ள ஆலை, அதற்கு மேற்பட்டது என்று ஒரு பகுப்பு. 112 கிலோவாட் வரை, 1 மெகாவாட் வரை, அதற்கு மேல் என்று மற்றொரு பகுப்பு. ஒவ்வொன்றிலும் கூலிச் செலவும் மின்செலவும் எவ்வளவு மாறும் என்பதை ரூபாயில் காட்டினால் போதும். இதற்குப் புதிய கணக்கெடுப்பு தேவையில்லை. உத்யம் பதிவுத் தரவு உள்ளது. வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தில் ஆள் எண்ணிக்கை உள்ளது. மின்வாரியத்திடம் ஒவ்வோர் இணைப்பின் பளுவும் உள்ளது. இம்மூன்றையும் பொருத்திப் பார்த்து ஓர் அட்டவணை தயாரிக்கச் சில வாரங்கள் ஆகலாம். 2025 மின்சார வரைவுக்கே அதைத் தயாரித்து, தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளில் வெளியிட்ட பிறகு கருத்துக் கேட்பை நடத்தலாம்.