ஏட்டைக் காட்டிய ஏழைகள்

ஏட்டிலே இருக்கிறது என்பார் ஒருவர். ஏட்டிலே இல்லாவிட்டால் என்ன, பெரியோர் வழிவழியாகச் சொல்லி வந்ததன்றோ என்பார் இன்னொருவர். மதவாதிகளோடு வாதாடிய தோழர்கள் இவ்விரு குரலையும் கேட்டே இருப்பர். கிறித்தவ ஐரோப்பாவிலே 16-ஆம் நூற்றாண்டில் இவ்விரு குரலும் ஒன்றோடொன்று மோதின. நாம் வகுப்பிலே நடத்தும் வரலாற்றுப் பாடம் மார்ட்டின் லூதரின் வீரத்தைப் புகழ்ந்து முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் நடந்ததுதான் நம் நெஞ்சை உறுத்துகிறது.

முதலில் ரோமாபுரியின் வழக்கைக் கேட்போம். இயேசு ஏடு எதுவும் எழுதி வைக்கவில்லை. அவர் போதனை முதலில் வாய்மொழியாகவே பரவிற்று. புதிய ஏற்பாட்டுக்கு நூல்கள் 27 என்று, இன்றுள்ள பட்டியலை அப்படியே அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியார் எழுதியது கி.பி. 367-இல்தான். எனவே, ஏட்டுக்கு மூத்தது திருச்சபை. எழுதப்படாத மரபும் வேதத்துக்கு நிகர் என்றனர் குருமார். வாதத்திலே வலு இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால், மரபு எனும் அந்தப் பெட்டகத்தின் சாவி எவர் மடியிலே இருந்தது? போப்பாண்டவர் மடியிலே! காசுக்கு விற்ற பாவமன்னிப்புச் சீட்டும் அந்தப் பெட்டகத்திலிருந்தே வந்தது.

லூதர் அந்தப் பெட்டகத்தைத் தட்டினார். 1519-இல் லைப்சிக் நகரிலே எக் எனும் பண்டிதரோடு வாதிட்டபோது, போப்பாண்டவர் மட்டுமல்ல, திருச்சபையின் பேரவைகளும் தவறு செய்யக்கூடும் என்றார். 1521-இல் வோர்ம்ஸ் நகரிலே, பேரரசர் ஐந்தாம் சார்லசின் முன் நின்று, வேதத்தைக் கொண்டோ தெளிந்த பகுத்தறிவைக் கொண்டோ மெய்ப்பித்தாலன்றிப் பணியேன் என்றார். 1522-இல் புதிய ஏற்பாடு அவர் மொழிபெயர்ப்பில் ஜெர்மன் மொழியிலே வெளிவந்தது. வேதத்தைக் கம்பளித் தொழிலாளியும் படித்தான். படிக்கத் தெரியாத உழவன் பக்கத்திலே அமர்ந்து கேட்டான்.

கேட்டவன் சும்மா இருப்பானா? 1525 மார்ச்சு மாதம், மெம்மிங்கன் நகரிலே உழவர்களின் பன்னிரண்டு கோரிக்கைகள் எழுத்திலே வடிந்தன. எழுதியவர் செபாஸ்டியன் லோட்சர். மென்மயிர்த் தோல் தைக்கும் தொழிலாளி. கிறிஸ்து தம் குருதியால் இடையனையும் ஏந்தலையும் ஒருங்கே மீட்டார் என்றால், எங்களைப் பண்ணையடிமைகளாக வைத்திருப்பது எப்படி எனக் கேட்டது மூன்றாம் கோரிக்கை. எங்கள் பாதிரியாரை நாங்களே தேர்ந்தெடுப்போம் என்றது முதற் கோரிக்கை. பிரபுக்கள் வழக்கம், மரபு என்று கூறிப் பிடுங்கிக்கொண்ட காட்டையும் புல்வெளியையும் திருப்பிக் கேட்டனர். ஓரத்திலே வேத வசன எண்களையும் குறித்தனர். இறுதியிலே சொன்னதைக் கவனியுங்கள், தோழர்களே! இவற்றுள் எதுவேனும் வேதத்துக்கு முரண் என்று எடுத்துக்காட்டினால், அதை நாங்களே கைவிடுகிறோம் என்றனர். வோர்ம்சிலே லூதர் பேசிய அதே பேச்சு!

லூதர் என்ன விடையிறுத்தார்? பிரபுக்களின் கொடுமையைக் கண்டித்தார், உண்மை. ஆனால், அடிமைத்தளை அறுக்கும் கோரிக்கையை ஏற்கவில்லை. ஆபிரகாமுக்கும் அடிமைகள் இருந்தனரே என்று அதே வேதத்தைப் புரட்டிக் காட்டினார். வேதம் விடுதலை செய்வது ஆன்மாவையாம்; உடல் பண்ணையிலேயே கிடக்கலாமாம்! கலகம் மூண்டு கோட்டைகளும் மடங்களும் எரிந்தபோது, உழவர்களை வெட்டுங்கள், குத்துங்கள் என்றே பிரபுக்களுக்கு எழுதினார். 1525 மே 15-இல் பிராங்கன்ஹௌசன் களத்திலே உழவர் படை அழிந்தது. அந்த எழுச்சி முழுவதிலும் மாண்டோர் ஏறத்தாழ ஓர் இலட்சம் என்பர் வரலாற்றாசிரியர் பலர்.

ரோமாபுரியோ தன் வழியே சென்றது. 1546 ஏப்ரல் 8-இல், திரெந்து நகரிலே கூடிய பேரவை, எழுதிய வேதத்தையும் எழுதா மரபையும் சமமான பக்தியோடு ஏற்கவேண்டும் என்று விதித்தது; திருச்சபை கொண்ட பொருளுக்கு மாறாக எவரும் வேதத்துக்குப் பொருள் கூறலாகாது என்றும் தடை போட்டது. லூதர் அதற்கு ஏழு வாரம் முன்பே மறைந்துவிட்டார்.

லோட்சர் சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் நகருக்குத் தப்பினார். அதன் பிறகு அவரைப் பற்றிய குறிப்பு எந்த ஏட்டிலும் இல்லை. அவர் ஊர் இருந்த ஜெர்மானியத் தெற்கிலே, பவேரியா அரசு பண்ணையடிமைத்தனத்தை ஒழித்தது 1808-இல்.