போராளியின் எழுத்தும் கால இடைவெளியும்

போர்க்களத்தில் நின்றவர் பின்னர் எழுத முற்படுகையில் அவரது அனுபவம் எவ்வாறு வாழ்க்கை நோக்காக உருப்பெறுகின்றது என்பது வரலாற்று மாணவர் சிந்திக்கவேண்டிய வினாவாகும். முதலாம் உலகப் போரில் மேற்கு முனையில் காயமுற்ற எரிக் மரியா ரெமார்க்கின் புகழ்பெற்ற நாவல், போர் முடிந்து பத்தாண்டுகளின் பின்னர் 1929இலேயே நூலுருப் பெற்றது. அனுபவத்துக்கும் எழுத்துக்கும் இடைப்பட்ட இக்கால இடைவெளியை ஈழத்து நூல்கள் மூன்றினூடாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது, கோவிந்தன் எழுதி 1985இல் வெளிவந்த 'புதியதோர் உலகம்'. தமிழீழ மக்கள் விடுதலைக் கழகத்திலிருந்து வெளியேறிய சூடு தணியுமுன் எழுதப்பட்ட இந்நாவல், இயக்கத்தினுள் நிகழ்ந்த சித்திரவதைகளையும் உட்கொலைகளையும் அம்பலப்படுத்தியது. எனினும் விடுதலை என்னும் இலட்சியத்தை அது கைவிடவில்லை. இலட்சியத்தின் பெயராலேயே இயக்கத்தை விசாரணை செய்தது.

இரண்டாவது, விடுதலைப் புலிகள் இயக்கத்தைச் சேர்ந்த மலரவனின் 'போர் உலா'. 1990இல் மாங்குளம் இராணுவ முகாம் மீதான தாக்குதலுக்குச் சென்ற பயணத்தை இது விபரிக்கின்றது. வழியிற் கண்ட வன்னிக் கிராமங்களும் மக்களின் வறுமையும் தோழமையும் இதில் உயிர்ப்புடன் பதிவாகியுள்ளன. 1992இல் மலரவன் போரில் உயிரிழந்தார். நூல் அதன் பின்னரே வெளிவந்தது. தம் அனுபவத்தை மீள்நோக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவேயில்லை.

அவ்வாய்ப்பைப் பெற்றவர் தமிழினி. 1991இல் இயக்கத்திற் சேர்ந்து, மகளிர் அரசியற்றுறைப் பொறுப்பாளராக உயர்ந்து, 2009இல் சரணடைந்து, வெலிக்கடைச் சிறையிலும் புனர்வாழ்வு நிலையத்திலும் இருந்து 2013இல் விடுதலையானார். 2015 ஒக்டோபரில் புற்றுநோயால் இறந்தார். 'ஒரு கூர்வாளின் நிழலில்' 2016இல் வெளியாயிற்று. இயக்கத்தின் முடிவுகளை மாத்திரமன்றி, அவற்றுக்குத் தாம் துணைநின்றமையையும் அவர் இந்நூலில் விசாரணைக்கு உட்படுத்துகின்றார்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். நூலின் சில பகுதிகள் தமிழினியினுடையனதாமா என்ற ஐயம் எழுப்பப்பட்டது. தோல்வி, சிறை, நோய் ஆகியவற்றின் அழுத்தத்தில் எழுந்த எழுத்து அது என்பதும் உண்மையே. ஆனால் மலரவனின் எழுத்தும் இயக்கத்தின் கட்டுக்கோப்பினுள் பிறந்ததேயன்றி அழுத்தமற்ற வெளியிற் பிறந்ததன்று. ஆகவே பிந்திய எழுத்து உண்மையானது, முந்திய எழுத்து மயக்கம் என்றோ, முந்தியது தூயது, பிந்தியது துரோகம் என்றோ தீர்ப்பளித்தல் வரலாற்று நெறியாகாது. மலரவன் எவ்வாறு வெல்வது என்று வினவினார். தமிழினியோ எதனை இழந்தோம் என்று வினவினார். வினாவையே மாற்றிவிடுவது காலம்.

பேலியகொடையில் வளர்ந்த எம்போன்றோருக்குப் போர் என்பது வீதிச் சோதனைச் சாவடிகளின் மங்கலான நினைவேயாகும். தமிழினி அடைக்கப்பட்டிருந்த சிறையோ இங்கிருந்து சில கிலோமீற்றர் தொலைவிலேயே உள்ளது. போரைக் காணாத எம் தலைமுறை அதனை நூல்கள் வழியாகவே அறியவேண்டியுள்ளது. தமக்குப் பிடித்த நூலை மட்டும் தெரிந்தெடுத்துப் படிப்பவர் போரின் ஒரு பாதியையே அறிவர். இம்மூன்றையும் அருகருகே வைத்துப் படிக்கும் துணிவு எமக்கு வேண்டும்.